ஒரு படி கீழே

பக்கத்துக் கடைக்காரன் அளவு நாடாவோடு உள்ளே வந்தபோது நான் ஓர் அம்மாவைப் பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய இடது கண்ணை மூடி, எழுத்துப் பலகையின் மூன்றாவது வரியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் கைபேசி உறைகள் விற்கிறான். அதனால் நான் அவனுக்கு வைத்த பெயர் உறைக்காரன். "நீங்க பாருங்க மேடம், உங்க வேலையப் பாருங்க" என்று பெரிய மனது பண்ணி எனக்கு அனுமதி கொடுத்துவிட்டு, குனிந்து சுவரிலிருந்து சுவருக்கு நாடாவை இழுத்தான். நாடா அந்த அம்மாவின் செருப்பு மேலேறிப் போனது.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"சும்மா அளவுதான். இந்தச் சுவர எடுத்துட்டா எவ்வளவு இடம் வரும்னு பாக்கறேன்."

கையிலிருந்த லென்ஸை அவன் மண்டையில் வீசியிருப்பேன். கடை லென்ஸ் ஆயிற்றே என்று விட்டேன். நாற்காலியிலிருந்த அம்மா, "மூணாவது வரி தெரியல, ஆனா அவரு நாடா நல்லாத் தெரியுது" என்றார்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் முதலாளியம்மா கடையை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். என்னிடமும் சொன்னார், அவனிடமும் சொன்னார். "நீ இத்தன வருஷம் இருந்திருக்க, அதனால உனக்குத்தான் முதல்ல. மாசக் கடைசிக்குள்ள பணத்தக் கொண்டா. கொண்டு வரலேன்னா அவருக்கு. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

இரண்டு பேரும் ஒன்றாம். இந்தத் தெருவில் கண்ணாடி போட்ட முகங்களில் பாதி என் கையால் பார்த்தவை. யாருக்கு எந்தக் கண் மந்தம், யார் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவார் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்? கடை அவன் கைக்குப் போனால் நாற்காலி வெளியே, நானும் வெளியே. இந்த வயதில் ஏதாவது பெரிய கடையில் போய், சீருடை மாட்டி, என் மகள் வயதில் இருக்கும் ஒரு மேலாளரிடம் சாப்பாட்டுக்குப் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

பணம் இல்லாமல் இல்லை. அதுதான் வேடிக்கை. இருந்தது, ஆனால் கையில் இல்லை. உலகம் முழுக்க இறைந்து கிடந்தது.

இவர் லிஃப்ட் மெக்கானிக். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். மாடி மாடியாகப் போய், நின்றுபோன லிஃப்டுகளை ஓடவைக்கிறவர். ஒரு நாள் ஒரு பழைய லிஃப்டின் கதவைக் கழற்றியிருக்கிறார். கதவு ஓடுவதற்கு மேலே குட்டிக் குட்டி உருளைகள் இருக்குமாம். மற்ற உருளையெல்லாம் தேய்ந்து கந்தலாகிக் கிடக்க, ஒரே ஒரு உருளை மட்டும் புதுசு போல இருந்திருக்கிறது. அதில் பொறித்திருந்த பெயரைத் தேடிப் பார்த்தார். எங்கோ உலகத்தின் மறுகோடியில், ஒரு பள்ளிக்கூடத்து அளவு ஆட்கள் மட்டுமே வேலை செய்கிற கம்பெனி. அதன் பங்குகள் அந்த ஊர்ச் சந்தையில் விற்கின்றன என்று தெரிந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பெரிய கம்பெனிய எல்லாரும் பாக்கறாங்க. இதையெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. அதனாலதான் விலை கம்மியா இருக்கு" என்று எனக்கு இரவுச் சாப்பாடு முடியும்வரை பாடம் நடத்தினார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு வேறொரு நாட்டில் மருந்துக் குப்பிக்கு மூடி செய்கிற கம்பெனி. இன்னொரு நாட்டில் மீன்வலைக் கயிறு. மற்றொன்றில் காது கேட்கும் கருவிக்குள் போகும் குழாய். இவர் பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை, ஆனால் எத்தனையோ கடல் தாண்டி ஆட்கள் இவருக்காக வேலை பார்க்கிறார்கள் என்று நான் கிண்டல் பண்ணுவேன். அவருக்கும் அது பிடிக்கும்.

எதை வாங்கினாலும் பாதி அவர் பெயரில், சரிபாதி என் பெயரில். "எனக்கு ஏதாவது ஆயிட்டா நீ யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாது" என்பார். என் கணக்கைத் திறக்க என் கைபேசிக்கு ஓர் எண் வரும். அடுப்படியிலிருந்து அதை நான் கத்திச் சொல்வேன், கூடத்திலிருந்து அவர் தட்டுவார். மற்றபடி அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை.

கடை விஷயத்தைச் சொன்ன அன்று அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

"வித்துடலாம். அதுக்குத்தானே சேத்தோம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். கடை வருதுன்னா கசக்குதா?"

மூடி, கயிறு, குழாய் எல்லாம் கையைக் கடிக்காமல் போயின. அவையெல்லாம் சில்லறை. பெரும்பணம் உருளைக் கம்பெனியில் இருந்தது. அங்கேதான் சிக்கல். பெரிய கம்பெனிப் பங்கென்றால் விற்கிறேன் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் யாராவது வாங்கிவிடுவார்கள். இது அப்படியில்லை. சில நாள் அந்தச் சந்தையில் அந்தப் பங்கைச் சீண்டக்கூட ஆள் வராது.

"அவசரப்பட்டுக் கொட்டினா விலை விழுந்துடும். முதல்ல என் பேர்ல இருக்கறத மெதுவா விக்கறேன். அது முடிஞ்சதும் உன்னுது. நீ கடையப் பாரு, இத என்கிட்ட விட்டுடு" என்றார்.

விட்டுவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். நாத்தனார் கூப்பிடுகிறவரைக்கும்.

என் நாத்தனார், இவருக்கு அக்கா. நல்லவர்தான், ஆனால் நல்ல சேதி சொல்வதற்கென்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கடை வாங்கப் போகிறோம் என்றதும், "பணம்?" என்றார். பங்கை விற்கிறோம் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"அவனா? அவன் எதையும் கைய விட்டு விட்டதா எனக்கு ஞாபகமே இல்லயே. சக்கரம் போன சைக்கிள ஓட்டவும் மாட்டான், விக்கவும் மாட்டான். கல்யாணத்துக்கு அப்புறந்தான் அதத் தூக்கிப் போட்டோம், அதுவும் அவன் வெளியூர் போனப்ப. நீ பாட்டுக்கு நம்பி உக்காந்திருக்காத."

கைபேசியை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. நான் அவரை நம்பவில்லையா? நம்பினேன். ஆனால் பரணில் மூன்று பழுதான மின்விசிறிகள் இருந்தன. அதுவும் உண்மை.

அந்த ஊரில் விடிந்து சந்தை திறக்கும்போது இங்கே நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கும் நேரம். மறுநாள் அந்த நேரத்துக்கு, அடுப்படி மேடையில் கைபேசியைச் சாய்த்துவைத்து என் கணக்கைத் திறந்தேன். என் பாதியையாவது நான் முதலில் விற்றுவிடுவேன். அவர் தயங்கித் தயங்கி நின்றாலும் பாதிப் பணம் பத்திரம். அதைக் காட்டி முதலாளியம்மாவிடம் தவணை கேட்கலாம். அவரிடம் சொல்லவேண்டாம், மனசு சங்கடப்படும். விற்று முடித்ததும் சொல்லிக்கொள்ளலாம். இதில் என்ன தப்பு என்று எனக்குள் நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

திரையில் இரண்டு பத்தி. ஒரு பக்கம் வாங்குகிறவர்கள் கேட்கும் விலை, மறுபக்கம் விற்கிறவர்கள் சொல்லும் விலை, பக்கத்தில் எத்தனை பங்கு என்று. யார் என்று பெயர் இருக்காது. கடைசியாக விற்ற விலையை என் பங்குகளுக்குப் போட்டேன். விற்கிறவர் பத்தியில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். நான் அவனுக்கு ஒரு படி கீழே.

வெங்காயத்தை உரித்துவிட்டு நிமிர்ந்தேன். அவன் எனக்கு ஒரு படி கீழே இறங்கியிருந்தான்.

சரி, போகட்டும் என்று நானும் ஒரு படி இறங்கினேன். அரிசி களைந்துவிட்டுப் பார்த்தால் அவன் மறுபடி எனக்குக் கீழே. வாங்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள், பொறுத்தால் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று அவர்களும் கீழே நகர்ந்தார்கள். சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் விலை நான் ஆரம்பித்த இடத்தைவிட நன்றாகவே இறங்கிவிட்டது. ஒரு பங்குகூட விற்கவில்லை.

அன்று குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

"வித்தாச்சா?" என்று கேட்டேன்.

"போயிட்டு இருக்கு. பாதி போயிடுச்சு."

"எவ்வளவுக்கு?"

"நல்ல விலைக்குத்தான். நீ ஏன் அதெல்லாம் போட்டு மனசக் கொழப்பிக்கற?"

எனக்கு ஒரே ஆச்சரியம். இவர் நல்ல விலைக்குப் பாதியை விற்றிருக்கிறார். நான் ஒரு பங்கை நகர்த்த முடியாமல் முழி பிதுங்கி நிற்கிறேன். ஏதோ அவருக்குத் தெரிந்த வித்தை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்தடுத்த நாட்களும் அதே கூத்துதான். நான் இறங்கினால் அவன் இறங்குவான். நான் காலையில் ஒரு தீர்மானத்தோடு எழுந்தால், சாயங்காலம் அவன் அதைச் சுக்குநூறாக்குவான். முகம் தெரியாத அந்த ஆளுக்கு நான் மனதில் ஓர் உருவம் கொடுத்துப் பார்த்திருந்தேன். கொழுத்த கழுத்து, கோட்டு, முன்னால் நாலைந்து திரை. உருளைக் கம்பெனிக்குள் ஏதோ நடக்கிறது, அது அவனுக்குத் தெரியும், அதனால்தான் என்ன விலைக்காவது தள்ளிவிட்டு ஓடப் பார்க்கிறான். எனக்குத்தான் தெரியவில்லை.

கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, அவர்கள் மொழியைக் கைபேசியிலேயே தமிழாக்கிப் படித்தேன். ஒரே ஒரு புது அறிவிப்பு இருந்தது. இந்த ஆண்டு பங்குதாரர் கூட்டத்தில் சிற்றுண்டி வழங்கப்பட மாட்டாது. அவ்வளவுதான். வேறு யாராவது படித்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவர்களுக்கு ஒரு பன்னும் காப்பியும் கொடுக்க வக்கில்லாத கம்பெனியிலா எங்கள் பணமெல்லாம் இருக்கிறது? அன்று கடையில் ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும்போது அளவு தவறி உடைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உடைத்தது, அதற்குப் பிறகு அன்றுதான்.

இவரும் சரியில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் வெளியே வர வெகுநேரம் ஆகும். வயிறு சரியில்லை என்றார். கழுத்தைச் சொறிந்து சொறிந்து சிவந்திருந்தது. என்னைப் பார்த்தால் சிரிப்பார், அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். நல்ல விலைக்கு விற்றவர் முகமா இது என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் என் மடியிலேயே கனம் இருந்தது. அவரைத் துருவிக் கேட்டால் அவர் என்னைத் துருவிக் கேட்பார்.

விற்றாலும் பணம் அங்கிருந்து வங்கிக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும். அதைக் கழித்துப் பார்த்தால், விற்பதற்குக் கடைசிச் சாயங்காலம் வந்துவிட்டது. அன்று காலை உறைக்காரன் ஒரு கொத்தனாரையே கூட்டிவந்திருந்தான். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, "லேசான சுவர்தான், ஒரே நாள்ல எடுத்துடலாம்" என்றார். தட்டியது சுவரைத்தான் என்றாலும் எனக்கு நெஞ்சில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் அடுப்படிக்குள் போனேன். இவர் எனக்கு முன்னாலேயே வந்து குளியலறைக்குள் இருந்தார். எங்கள் கட்டடத்தில் குளியலறை ஜன்னலும் அடுப்படி ஜன்னலும் ஒரே சந்துப் பக்கம் பார்த்தவை, மேலிருந்து கீழே குழாய்கள் மட்டும் போகிற குறுகலான சந்து. தினமும் தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அன்று மொட்டை மாடித் தொட்டி காலி. குழாயில் காற்றுதான் வந்தது.

சந்தை திறந்தது. கோட்டுக்காரன் எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்கு ஒரு படி கீழே போட்டேன்.

"அடப்பாவி!"

ஜன்னல் வழியாக வந்தது. இவர் குரல். யாரோடோ கைபேசியில் பேசுகிறார் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தால் அவன் எனக்குக் கீழே இறங்கியிருந்தான். நானும் இறங்கினேன்.

"மறுபடியும் எறங்கிட்டானே! டேய், உனக்கு மனசாட்சியே இல்லயாடா? நீ வௌங்கவே மாட்டடா!"

கத்தியை மேடையில் வைத்தேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் பங்குகளை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டேன். திரையில் என் வரி மறைந்தது. ஜன்னலுக்கு அப்பால், தாழ்ந்த குரலில், "ஓடிட்டான்" என்றார். திரும்பவும் போட்டேன்.

"வந்துட்டான் சனியன்!"

திரையை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். இத்தனை நாளும் விலையையே பார்த்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் இருந்த பங்கின் எண்ணிக்கையைப் பார்த்தேன். அவனிடம் இருந்ததும் என்னிடம் இருந்ததும் ஒரே எண். சரிபாதி. எனக்கு ஏதாவது ஆயிட்டா நீ யார் வாசல்லயும் போய் நிக்கக் கூடாது. ஊரார் கண்ணையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன் கண் அவிந்துபோயிருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் கோபம் வந்துவிட்டது. பாதி போயிடுச்சு என்றாரே? நல்ல விலைக்கு என்றாரே? ஒன்றுகூடப் போகவில்லை, அத்தனையும் இதோ என் எதிரில் நிற்கிறது. அந்தக் கோபமும் முழுசாக எழுவதற்குள், நான் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற நினைப்பு வந்து நடுவில் உட்கார்ந்தது. கம்பெனி நன்றாகத்தான் இருக்கிறது. கோட்டுக்காரன் எவனும் இல்லை. எங்கள் சேமிப்பின் விலையை நாளுக்கு நாள் இறக்கியது நாங்கள் இரண்டு பேர்தான், ஒரே வீட்டில், இடையில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு.

என் வரியை மறுபடியும் எடுத்தேன். அழுகை வருவது போல இருந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம் என்று அதையே நறுக்கினேன்.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது.

"இந்தா, ஒண்ணு சொல்றேன், பதறாதே. இன்னைக்கு விக்க வேண்டாம்."

"ஏனாம்?"

"ஒரு ஆள் தொடர்ந்து விலைய எறக்கிக்கிட்டே இருந்தான். இப்பத் திடீர்னு காணோம். அவன் வெலகிட்டான்னா ஏதோ நல்ல சேதி இருக்கு. நாளைக்கு ஏறும் பாரு. முதலாளியம்மாகிட்ட ஒரு வாரம் டைம் கேளேன்."

"பாதி வித்தாச்சுன்னு சொன்னீங்களே?"

முகம் வெளிறிவிட்டது. கை கழுத்துக்குப் போனது. "அது வந்து... நீ கடை நெனப்புலயே தவிச்சுக்கிட்டு இருந்தியே, அன்னைக்கு எப்படிச் சொல்றது? நாளைக்குப் போயிடும், நாளைக்குப் போயிடும்னு பாத்தேன். அந்தப் படுபாவி விடவே இல்ல."

"அந்தப் படுபாவி எங்கயும் போகல" என்றேன். "இங்கதான் வெங்காயம் நறுக்கிட்டு இருக்கா."

அவருக்குப் புரியவில்லை. கைபேசியை அவர் பக்கம் திருப்பினேன். குனிந்து பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் வரியை ஒரு முறை போட்டு, ஒரு முறை எடுத்துக் காட்டினேன். அவர் கையிலிருந்த திரையிலும் அது வந்தது, போனது. அவர் அப்படியே அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீயா?"

"நானேதான். நான் வௌங்க மாட்டேனாமே?"

"ஏன்மா இப்படிப் பண்ணின? என்கிட்ட விட்டுடுன்னு சொன்னேன்ல?"

"விட்டிருந்தா மட்டும்? நீங்க உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு எனக்கு நல்ல விலைன்னு கதை சொல்லிட்டிருந்தீங்க!"

"உன் மேல இருந்த அக்கறையில சொன்னேன்."

"நானும் அக்கறையிலதான் இறங்கினேன், படி படியா!"

அதற்குப் பிறகு பேசியதெல்லாம் எழுதும்படியாக இல்லை. நாத்தனாரை இழுத்தேன், பரணில் கிடக்கும் மின்விசிறிகளை இழுத்தேன். அவர் பதிலுக்கு, நான் ஒரு நாளாவது அவரை முழுசாக நம்பியிருக்கிறேனா என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நம்பறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மேடையில் சாய்ந்திருந்த கைபேசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சந்தை இன்னும் திறந்துதான் இருந்தது. முதலில் எழுந்தவர் அவர்தான். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, இரண்டு கைபேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரே விலை. யாரும் எறங்கக் கூடாது. சரியா?"

"எந்த விலை?"

பழைய விலைக்கு வாய்ப்பில்லை. கேட்கிறவர்களை நாங்களே கீழே பழக்கிவிட்டிருந்தோம். அவர்களுக்குக் கொஞ்சம் மேலே ஒரு விலை பேசி முடித்தோம். ஒரே விலையில் இரண்டு பேர் இருந்தால் முதலில் போட்டவருடையது முதலில் போகும். அவர் விரல் திரைமேல் நின்றது. "உன்னத முதல்ல போடு. பாதியாவது பத்திரம்னுதானே பண்ணின. போடு" என்றார். நான் போட்ட பிறகு அவர் போட்டார்.

உட்கார்ந்திருந்தோம். நறுக்கிய வெங்காயம் அடுப்படியில் காய்ந்துகொண்டிருந்தது. யாராவது ஒருவர் அசைந்தால் மற்றவர் கண் தானாக அவர் கைக்குப் போனது. இறங்கிவிடுவாரோ என்று அவரை நானும், இறங்கிவிடுவேனோ என்று என்னை அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் அவர் இரண்டு கையையும் தூக்கி மேஜை மேல் வைத்தார். நானும் வைத்தேன்.

முதலில் ஒரு சின்னத் துண்டு போனது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. வாங்குகிற பக்கத்தில் ஒருவர் ஒரு படி ஏறினார், தயங்கினார், இன்னொரு படி ஏறினார். சந்தை மூடப்போகும் சமயத்தில் என்னுடையது முழுசும் போயிற்று, அதன் பின்னாலேயே அவருடையதும். யார் வாங்கினார்கள் என்று தெரியாது. எங்களை மாதிரி யாராவது புருஷன் பெண்டாட்டியாக இருக்கக் கூடாதே என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

பணம் வந்தது. முதலாளியம்மா கேட்டதற்குக் குறைந்தது. ஒருவர் கண்ணில் ஒருவர் மண்ணைத் தூவிய நாட்களுக்கு ஆன செலவு அது. முதலாளியம்மா எண்ணிப் பார்த்துவிட்டுக் கடுமையாகவும் பேசவில்லை, தள்ளுபடியும் செய்யவில்லை. "பணம் கொறையற அளவுக்குக் கடையும் கொறையும்" என்றார். உறைக்காரனைக் கூப்பிட்டார். அவன் மறுபடியும் நாடாவோடு வந்தான்.

பரிசோதனை அறையின் பின்பாகம் அவனுக்குப் போயிற்று. கொத்தனார் அங்கே ஒரு சுவர் எழுப்பினார். எழுத்துப் பலகையை மாட்டுவதற்கு வேண்டிய தூரம் என் அறையில் இப்போது இல்லை. இப்படிக் குறுகிய அறைக்கு ஒரே வழிதான். எதிர்ச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து, எழுத்துகளைத் திருப்பி அச்சடித்த பலகையை நாற்காலிக்குப் பின்னால் மாட்ட வேண்டும். உட்காருகிறவர் கண்ணாடியில் தெரிகிற பலகையைப் படிப்பார், தூரம் இரட்டிப்பாகிவிடும். இவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொடுத்தார். லிஃப்டுக்குள் கண்ணாடி மாட்டிப் பழகிய கை.

மாட்டி முடித்ததும் நாற்காலியில் உட்காரவைத்தேன். சோதித்துப் பார்க்க யாராவது வேண்டுமே.

"உருளை விலை பழைய இடத்துக்கே போயிடுச்சு. பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"சொல்லவே இல்ல?"

"நீங்களும் சொல்லலயே."

"இப்பச் சொல்லிட்டேன்ல?"

இடது கண்ணை மூடி, மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னேன். படித்தார். நான்காவதையும் படித்தார். ஐந்தாவதில் திணறினார். கண்ணாடிக்குள் அவர் தலைக்கு மேலே பலகை தெரிந்தது, பலகைக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எழுத்து மங்கலாத்தான் இருக்கு" என்றார். "ஆனா பின்னால நிக்கறது யாருன்னு நல்லாத் தெரியுது."

கையில் லென்ஸ் இருந்தது. உடைந்துவிடப் போகிறது என்று கீழே வைத்துவிட்டு, அவர் தோளில் கை வைத்தேன். இப்போது அது என் கடை லென்ஸ்.